பாறை வழுக்கும் அந்தச் சில விநாடிகள்: ‘அமைதியான’ நிலப்பிளவை ஏன் நம்பக் கூடாது?

2011 மார்ச் 11, மதியம் 2.46 மணி. ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரைக்கு அப்பால் 9.0 அளவில் நிலநடுக்கம். அடுத்த மூன்றே நிமிடங்களில் ஜப்பான் வானிலை ஆய்வு மையம் சுனாமி எச்சரிக்கை விட்டது. மியாகி மாகாணத்துக்கு 6 மீட்டர், இவாத்தே, ஃபுகுஷிமா மாகாணங்களுக்கு 3 மீட்டர் என்பது முதல் மதிப்பீடு.

வந்த அலை அந்தக் கணக்கையெல்லாம் மதிக்கவில்லை. மியாகோ நகரின் தாரோ பகுதியில் 10 மீட்டர் உயரத்துக்குக் கட்டியிருந்த தடுப்புச் சுவரையே தாண்டிக் குதித்தது. ஃபுகுஷிமா அணுமின் நிலையம் 5.7 மீட்டர் அலையைத் தாங்கும் கணக்கில் இருந்தது. வந்ததோ 14 மீட்டருக்கும் மேல். இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்து 18,000 பேருக்கும் அதிகம்.

நிலநடுக்கத்துக்கு உலகத்திலேயே அதிகம் தயாராக இருந்த நாடு ஜப்பான். அங்கேயே கணக்கு தப்பியது எப்படி? காரணங்கள் பல உண்டு. கையில் இருந்த வரலாற்றுப் பதிவு போதவில்லை. முதல் சில நிமிடங்களில் நிலநடுக்கத்தின் அளவே 7.9 என்று குறைவாகக் கணிக்கப்பட்டது. ஆனால், பொதுவெளியில் அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. பாறையும் பாறையும் உரசினால் என்ன ஆகும் என்பது பற்றிய ஒரு நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை தவறு என்று கடலுக்கு அடியில் இருந்த பாறையே காட்டிக் கொடுத்தது.

அந்த 50 மீட்டர்

ஜப்பானுக்குக் கிழக்கே பசிபிக் புவித்தட்டு, ஆண்டுக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் வேகத்தில் ஜப்பானுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. இரண்டு தட்டுகளும் உரசும் பரப்புதான் நிலப்பிளவு. ஆழத்தில் அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் தாங்காதபோது சட்டென்று நழுவும். இதுதான் நிலநடுக்கம்.

அந்தப் பிளவின் மேல் நுனி கடல்தரையை வந்து தொடும் இடம்தான் ஜப்பான் அகழி. அங்கே இருப்பது கெட்டிப் பாறை இல்லை, ஈரக் களிமண். மெதுவாக இழுத்தால் களிமண் மெதுவாக நகரும். கொஞ்சம் வேகமாக இழுத்தால் அது எதிர்ப்பைக் கூட்டிக்கொள்ளும். ஆகவே, கீழே பாறை உடைந்து நழுவினாலும் மேலே இருக்கும் களிமண் பகுதி ஒரு மெத்தை போல அதை வாங்கி அடக்கிவிடும் என்பதுதான் 2011 வரை பரவலாக இருந்த எதிர்பார்ப்பு.

நடந்தது நேரெதிர். அந்தக் களிமண் பகுதிதான் மற்ற எல்லா இடங்களையும்விட அதிகமாக நழுவியது. அகழிக்கு அருகே பிளவு நகர்ந்த தூரம் சுமார் 50 மீட்டர். தட்டு நகரும் வேகத்தில் பார்த்தால், ஏறக்குறைய 600 ஆண்டு நகர்வு ஒரே மூச்சில் தீர்ந்துபோனது. கடல்தரை அப்படி ஒரேயடியாகத் தள்ளப்பட்டதால்தான் அலை அவ்வளவு உயரமாக எழுந்தது.

பிரேக் என்று நினைத்த இடமே ஆக்சிலரேட்டர் ஆனது எப்படி? இதற்கு விடை உராய்வில் இருக்கிறது.

பீரோவைத் தள்ளிப் பாருங்கள்

வீடு மாறும்போது இரும்பு பீரோவைத் தள்ளியவர்களுக்கு இது தெரியும். முதலில் அசையவே அசையாது. முட்டித் தள்ளினால் ஒரு நொடியில் சரக்கென்று நகரும். நகர ஆரம்பித்த பிறகு தள்ளுவது கொஞ்சம் சுலபம். நிலப்பிளவும் அடிப்படையில் இப்படித்தான்.

ஒரு பரப்பு எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்ல ‘உராய்வு எண்’ என்று ஓர் அளவு உண்டு. உராய்வு எண் 0.6 என்றால், 100 கிலோ எடையுள்ள பொருளை நகர்த்த 60 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. 1978-இல் ஜேம்ஸ் பையர்லீ என்ற புவியியற்பியலாளர் பலவகைப் பாறைகளின் சோதனை முடிவுகளைத் தொகுத்தார். கிரானைட்டோ, மணற்கல்லோ, சுண்ணாம்புக்கல்லோ, பெரும்பாலான பாறைகளுக்கு இந்த எண் ஏறக்குறைய 0.6 முதல் 0.85-க்குள் அடங்கிவிட்டது. சில களிமண் கனிமங்கள்தான் விதிவிலக்கு. எந்தப் பாறையாக இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே எண்! பாடப்புத்தகங்கள் இதை ‘பையர்லீ விதி’ என்று ஏற்றுக்கொண்டன.

ஆனால், அந்தச் சோதனைகளில் ஒரு விஷயம் கவனிக்கப்பட வேண்டியது. அவற்றில் பாறைகள் மிக மெதுவாக உரசப்பட்டன. விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராத வேகம். நிஜ நிலநடுக்கத்தில் பிளவு நழுவுவது விநாடிக்குச் சுமார் ஒரு மீட்டர் வேகத்தில்.

கணக்கு உதைத்தது

வேகமாக நழுவும்போதும் உராய்வு எண் 0.6-ஆகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கணக்கு போடலாம்.

10 கிலோமீட்டர் ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் எடை பிளவை அழுத்துகிறது. இடுக்குகளில் இருக்கும் நீர் தாங்கும் பங்கைக் கழித்துவிட்டாலும் பெரிய அழுத்தம்தான். அந்த நிலையில் பிளவு ஒரு மீட்டர் நழுவினால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் உண்டாகும் உராய்வு வெப்பம் சுமார் 100 மெகாஜூல். மின்சாரக் கணக்கில் சொன்னால் 28 யூனிட். ஒரு சதுர மீட்டர் என்பது ஒரு சின்ன டைனிங் டேபிள் அளவு. அந்த இடத்தில், ஓரிரு விநாடிகளில், ஒரு வீட்டின் பல நாள் மின்சாரம்.

இந்த வெப்பம் பரவ நேரமும் இல்லை, இடமும் இல்லை. பழைய பிளவுகளைக் குடைந்து பார்த்தால், நழுவல் முழுக்க சில மில்லிமீட்டர், அதிகம் போனால் சில சென்டிமீட்டர் தடிமனான பட்டையில்தான் நடந்திருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பட்டைக்குள் அத்தனை வெப்பமும் அடைபட்டால் வெப்பநிலை ஆயிரக்கணக்கான டிகிரி ஏற வேண்டும். பெரும்பாலான பாறைகள் 1,000 முதல் 1,200 டிகிரிக்குள் உருகிவிடும். அப்படியென்றால், ஒவ்வொரு பெரிய நிலநடுக்கப் பிளவிலும் உருகிய பாறை கிடைக்க வேண்டும்.

கிடைக்கிறதா? கிடைக்கிறது. ஆனால், எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

அப்படிக் கிடைக்கும் பாறைக்கு ‘சூடோடாக்கிலைட்’ என்று பெயர். எரிமலைக் கண்ணாடிப் பாறையைப் போலவே தோன்றினாலும் அது அல்ல என்பதால் ‘போலி’ என்ற பொருள்படும் முன்னொட்டுடன் 1916-இல் இந்தப் பெயர் வைக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில், வெளிர்நிறப் பாறைக்குள் மை ஊற்றியதுபோல் ஓடும் கறுப்புக் கோடுகள் இவை. பழங்கால நிலநடுக்கங்களின்போது உராய்வு வெப்பத்தால் பாறை உருகி, சட்டென்று குளிர்ந்து உறைந்த தடம் இது என்று 1975-இல் ரிச்சர்ட் சிப்சன் விளக்கினார். நிலநடுக்கம் பாறையில் போட்ட கையெழுத்து என்றே சொல்லலாம்.

கலிஃபோர்னியாவில் இன்னொரு புதிர். சான் ஆண்ட்ரியாஸ் பிளவு பல லட்சம் ஆண்டுகளாக உரசிக்கொண்டிருக்கிறது. பையர்லீ எண் அங்கே பொருந்தினால், பிளவை ஒட்டி நிலத்தடி வெப்பம் தனியாகத் தெரிய வேண்டும். 1960-களின் கடைசியிலிருந்து அளந்து பார்த்தும் அந்தக் கூடுதல் வெப்பம் தட்டுப்படவில்லை.

ஆக, இரண்டில் ஒன்று. அந்தப் பிளவில் இருக்கும் பாறை இயல்பிலேயே வழவழப்பானதாக இருக்க வேண்டும். அல்லது நழுவும்போது மட்டும் உராய்வு திடீரென்று சரிந்துவிட வேண்டும். பிந்தைய ஆய்வுகள் சொல்வது, இடத்தைப் பொறுத்து இரண்டுமே உண்மை என்பதைத்தான்.

வேகம்தான் மேட்டர்

தீக்குச்சியைப் பெட்டியில் மெதுவாகத் தேய்த்தால் ஒன்றும் ஆகாது. அதே குச்சி, அதே பெட்டி, சர்ரென்று உரசினால் பற்றிக்கொள்ளும். பொருள் மாறவில்லை, வேகம்தான் மாறியது. பாறை விஷயத்தில் இந்த எளிய உண்மையைச் சோதித்துப் பார்க்கச் சரியான இயந்திரம் தேவைப்பட்டது.

ஜப்பானில் தோஷிஹிகோ ஷிமமோட்டோ போன்றவர்கள் அதற்கான சுழல் இயந்திரங்களை உருவாக்கினார்கள். இரண்டு பாறை உருளைகளை முகத்தோடு முகம் அழுத்தி, ஒன்றை நிறுத்தி மற்றொன்றைச் சுழற்ற வேண்டும். மாவு அரைக்கும் திருகைக்கல் மாதிரிதான். ஆனால், விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம். இத்தாலியின் ஜூலியோ டி டோரோவும் அவருடைய குழுவினரும் இப்படிச் செய்யப்பட்ட சுமார் 300 சோதனைகளைத் தொகுத்து 2011-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள்.

முடிவு தெளிவாக இருந்தது. வேகம் நிலநடுக்க வேகத்தை நெருங்க நெருங்க, கிட்டத்தட்ட எல்லாப் பாறைகளின் உராய்வும் சரிகிறது. 0.6, 0.7 என்று இருந்த எண் 0.1-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. 60 கிலோ விசை தேவைப்பட்ட இடத்தில் 10 கிலோ போதும். அழுத்திப் பிடித்திருந்த பிரேக்கில் முக்கால்வாசிக்கு மேல் காணாமல் போன மாதிரி.

அந்த விநாடிகளில் பாறைக்கு என்ன ஆகிறது?

உராய்வு ஏன் சரிகிறது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பாறையின் வகை, ஈரம், ஆழம் ஆகியவற்றைப் பொறுத்து வெவ்வேறு வழிகளில் பாறை மாறுகிறது.

முனைகள் பொரிகின்றன. இரண்டு பாறைப் பரப்புகள் முழுதாக ஒட்டுவதில்லை. நுண்ணிய முனைகள்தான் ஒன்றையொன்று தொடுகின்றன. முழு எடையையும் அவையே தாங்குகின்றன. வேகமாக உரசும்போது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான நேரத்தில் அந்த முனைகள் மட்டும் பழுக்கச் சூடாகி வலுவிழக்கின்றன. பாறை மொத்தமாகச் சூடாவதற்கு முன்பே பிடிமானம் போய்விடுகிறது.

குக்கர் விசில் அடிக்கிறது. பிளவுக்குள் நீர் இருக்கிறது. உராய்வு வெப்பத்தில் அந்த நீர் விரிவடையப் பார்க்கிறது. சுற்றிலும் நெருக்கமான களிமண் என்பதால் வெளியேற வழியில்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. குக்கரில் ஆவி வெயிட்டைத் தூக்குவதுபோல, அந்த நீரழுத்தம் பிளவின் இரண்டு பக்கத்தையும் பிரித்துத் தூக்கப் பார்க்கிறது. அழுத்திப் பிடித்திருந்த விசை குறைந்தால் உராய்வும் குறையும்தானே.

பாறை உருகுகிறது. கிரானைட் போன்ற பாறைகளில், ஆழத்தில், பட்டை முழுவதும் உருகுகிறது. தொடக்கத்தில் அந்தக் கூழ் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டு நகர்வைத் தடுக்கக்கூடச் செய்யும். தொடர்ந்து பரவி, பரப்பு முழுக்க ஒரே படலமாக ஆனதும் அதுவே மசகு எண்ணெய் வேலை பார்க்கிறது. இத்தாலிய ஆல்ப்ஸின் அடமெல்லோ பகுதியில் சுமார் 3 கோடி ஆண்டுப் பழமையான சூடோடாக்கிலைட் கோடுகள் இந்தக் கதையைப் பாறையிலேயே பதித்து வைத்திருக்கின்றன.

பளிங்கு சுண்ணாம்பாகிறது. பளிங்குக்கல்லை அந்த வேகத்தில் உரசினால் அது உருகுவதற்கு முன்பே சிதைகிறது. கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, மிக மிக நுண்ணிய சுண்ணாம்புப் பொடி மிஞ்சுகிறது. சுண்ணாம்புக் காளவாயில் மணிக்கணக்கில் நடக்கும் வேலை, பிளவுக்குள் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. 2007-இல் வெளியான இத்தகைய சோதனை ஒன்றில் உராய்வு எண் 0.06 வரை இறங்கியது.

நான்கு வழிகளிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. நழுவலால் வெப்பம், வெப்பத்தால் வழுக்கல், வழுக்கலால் இன்னும் நழுவல். இந்தச் சங்கிலி ஒருமுறை தொடங்கிவிட்டால், சின்னதாக நின்றிருக்க வேண்டிய நடுக்கம் பெரியதாக வளர முடியும். எல்லாம் முடிந்த பிறகு உருகியது உறைந்து, விரிசல்களில் கனிமங்கள் படிந்து, பிளவு மறுபடி இறுகத் தொடங்கும். அடுத்த முறைக்கான அழுத்தமும் சேரத் தொடங்கும்.

சூடு ஆறுவதற்குள் ஓடிய கப்பல்

ஆய்வகத்தில் நடப்பதெல்லாம் சரி, நிஜப் பிளவில் இது நடந்ததா? இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, நிலநடுக்கம் முடிந்த கையோடு பிளவைத் துளைத்து அதன் உடம்புச் சூட்டை அளப்பதுதான். தாமதித்தால் சூடு ஆறிவிடும்.

2012 ஏப்ரலில் ஜப்பானின் ‘சிக்யூ’ என்ற துளையிடும் கப்பல் ஜப்பான் அகழிக்குக் கிளம்பியது. ‘ஜேஃபாஸ்ட்’ என்று பெயரிடப்பட்ட அந்தத் திட்டம் கிட்டத்தட்ட ஓர் அசாத்திய முயற்சி. கடலின் ஆழமே அங்கே சுமார் 6,900 மீட்டர். அதற்குக் கீழே இன்னும் 850 மீட்டர் அளவுக்குக் கடல்தரையைத் துளைக்க வேண்டும். கடல் கொந்தளிப்பையும் கருவிக் கோளாறுகளையும் தாண்டி, 820 மீட்டருக்குச் சற்று மேலும் கீழுமான ஆழத்தில் பிளவு அகப்பட்டது. 50 மீட்டர் நழுவலைத் தாங்கிய அந்தப் பட்டையின் மொத்தத் தடிமன் 5 மீட்டருக்கும் குறைவு.

உள்ளே இருந்தது செதில் செதிலான களிமண். அதில் முக்கால் பங்குக்கு மேல் ‘ஸ்மெக்டைட்’ என்ற கனிமம். தண்ணீர் பட்டால் சோப்பு போல வழுக்கும் ரகம். அதை ஆய்வகத்தில் நிலநடுக்க வேகத்தில் உரசிப் பார்த்தபோது உராய்வு எண் 0.1 அளவுக்கே வந்தது.

2012 ஜூலையில் துளைக்குள் 55 வெப்பநிலை உணரிகள் இறக்கப்பட்டன. ஒன்பது மாதங்கள் கழித்து அவற்றை வெளியே எடுத்துப் பார்த்தபோது, பிளவு இருந்த இடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிட 0.31 டிகிரி செல்சியஸ் அதிகச் சூட்டில் இருந்தது. கால் டிகிரிக்குக் கொஞ்சம் மேல்! இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கு இவ்வளவுதானா என்று தோன்றலாம். விஷயமே அதுதான். உராய்வு பழைய கணக்குப்படி இருந்திருந்தால் மிச்சச் சூடு பல மடங்கு அதிகமாக இருந்திருக்கும். பின்னோக்கிக் கணக்கிட்டதில் நழுவலின்போது இருந்த உராய்வு எண் 0.08 என்று வந்தது. ஆய்வக எண்ணும் கடலடி எண்ணும் கைகோத்துக்கொண்டன. இந்த முடிவுகள் 2013 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயின.

மெத்தை என்று நம்பப்பட்ட களிமண், உண்மையில் வழுக்குப்பாறை.

வரலாறு ஏற்கெனவே சொன்னது

‘இது தெரியாமல் போனது யார் தப்பு?’ என்று கேட்டால், அறிவியலை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கையில் இருந்த சோதனைகளை வைத்து எடுத்த முடிவு அது. ஆனால், எச்சரிக்கை மணி அதற்கு முன்பே அடித்திருந்தது.

1896 ஜூன் 15 அன்று இதே சான்ரிக்கு கடற்கரையில் ஒரு நிலநடுக்கம். கரையில் அதிர்வு அவ்வளவாகத் தெரியவில்லை. ஆபத்து என்று யாருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் வந்த சுனாமி சுமார் 22,000 பேரைக் கொண்டுபோனது. அகழியை ஒட்டிய ஆழமில்லாத பகுதி நழுவினால் மட்டுமே இப்படி நடக்கும் என்பது பிற்பாடு புரிந்தது. அதாவது, அந்தப் பகுதி ‘சாது’ இல்லை என்பதற்கான ஆதாரம் 115 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. 869-ஆம் ஆண்டின் ஜோகன் சுனாமி விட்டுச்சென்ற மணல் படிவுகளும் நிலத்துக்குள் இருந்தன.

ஆதாரம் இல்லாமல் போகவில்லை. ‘எப்போதாவது நடக்கும் விஷயம்’ என்று ஒதுக்கி வைக்கப்பட்டது. சுவரின் உயரமும் அணு உலையின் பாதுகாப்புக் கணக்கும் அடிக்கடி நடப்பதை வைத்துத் தீர்மானிக்கப்பட்டன. உராய்வு பற்றிய பழைய புரிதல் அந்த முடிவுகளுக்கு ஒரு மன நிம்மதியையும் கொடுத்தது.

2013-இல் ஹிரோயுகி நோடா, நாடியா லாபுஸ்டா ஆகிய இருவரும் செய்த கணினி மாதிரியாக்கம் இதை இன்னும் கூர்மையாக்கியது. மெதுவாக, அமைதியாக ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு பிளவுப் பகுதிகூட, பக்கத்தில் தொடங்கிய பெரிய நழுவல் வேகமாக வந்து மோதினால், தானும் வழுக்கி அழிவில் சேர்ந்துகொள்ள முடியும். நூறாண்டாகத் தொல்லை தராத பிளவு என்பது நன்னடத்தைச் சான்றிதழ் அல்ல.

நம் பக்கத்துக் கடல்

ஜப்பான் கதை தூரத்துக் கதை அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அகழியில் 9.1 அளவில் பிளவு நழுவியது. அந்த அலை தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேரைப் பலிகொண்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கும் அதிகம். இலங்கையில் 30,000 பேருக்கு மேல்.

அங்கேயும் அகழிக்கு மிக நெருக்கமான, ஆழமில்லாத பகுதிவரை நழுவல் போனதுதான் ஆய்வாளர்களை உறுத்தியது. 2016-இல் ‘ஜாய்டிஸ் ரெசல்யூஷன்’ என்ற அமெரிக்கத் துளையிடும் கப்பல் சுமத்ராவுக்கு மேற்கே கடல்தரையைத் துளைத்தது. அங்கே தட்டின் மேல் கிலோமீட்டர் கணக்கில் வண்டல் படிந்திருக்கிறது. அந்த வண்டலின் பிறப்பிடம் எது தெரியுமா? இமயமலை. ஆறுகள் அரித்து வங்கக்கடலில் கொட்டியது, அங்கிருந்து நிகோபாருக்கு அப்பால்வரை பரவியிருக்கிறது.

2017-இல் வெளியான அந்த ஆய்வின் சாரம் இது: வண்டல் அவ்வளவு தடிமனாக இருப்பதால் அதன் அடிப்பகுதி சூடாகி, அகழிக்குள் நுழைவதற்கு முன்பே கனிமங்களில் கட்டுண்டிருந்த நீரை இழந்துவிடுகிறது. அதனால் அது இறுகி, அழுத்தத்தைச் சேர்த்துவைக்கும் தன்மையைப் பெற்றுவிடுகிறது. ஆகவே, ஆழமில்லாத இடத்திலும் பெரிய நழுவல் சாத்தியம். ஜப்பானில் வழுக்குக் களிமண். சுமத்ராவில் இறுகிப்போன வண்டல். காரணம் வேறு, விளைவு ஒன்று. ஒரு பிளவில் கற்ற பாடத்தை அப்படியே இன்னொரு பிளவுக்கு நகலெடுக்க முடியாது என்பதுதான் இதன் பொருள். ஒவ்வொரு பிளவையும் அதனதன் பாறையை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இந்தியாவின் மேற்குக் கடலிலும் ஒரு அகழிப் பகுதி உண்டு. பாகிஸ்தான், ஈரான் கரையோரமாக ஓடும் மக்ரான். 1945 நவம்பரில் அங்கே 8.1 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் சுனாமி மும்பைவரை வந்தது. இப்போது அது அமைதியாக இருக்கிறது. ‘அமைதி’ என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஜப்பான் காட்டிவிட்டது.

‘இதனால் யாருக்கு என்ன லாபம்?’

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். ‘இவ்வளவு ஆராய்ச்சி பண்ணியும் அடுத்த நிலநடுக்கம் எப்போ வரும்னு சொல்ல முடியலையே. அப்புறம் எதுக்குக் கோடிகளைக் கடலுக்குள்ள கொட்டணும்?’

கேள்வி நியாயமானதுதான். நாள், நேரம் சொல்லி நிலநடுக்கத்தைக் கணிக்க இன்று உலகில் யாராலும் முடியாது. ஒவ்வொரு பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகும் ‘இவர் முன்கூட்டியே சொன்னார்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல்களை அப்படியே அழித்துவிடலாம். உராய்வு ஆராய்ச்சி தேதியைச் சொல்லாது.

ஆனால், அது வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது: வந்தால் எவ்வளவு பெரியதாக வரும்? கடற்கரைச் சுவர் எவ்வளவு உயரம், மருத்துவமனை எங்கே கட்ட வேண்டும், அணுமின் நிலையத்தின் டீசல் ஜெனரேட்டரை எந்த மட்டத்தில் வைக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்களுக்குத் தேவை தேதி இல்லை, இந்த அளவுதான். 2004-இல் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குள்ளும் கடல்நீர் புகுந்தது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஃபுகுஷிமாவில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஃபுகுஷிமாவைச் சுத்தம் செய்ய ஆகும் செலவோடு ஒப்பிட்டால், பிளவைத் துளைக்கும் செலவு சில்லறைக் காசு.

சிக்கல் என்னவென்றால், இந்த வேலைக்கான கருவிகள் குறைந்துகொண்டே வருகின்றன. சுமத்ராவைத் துளைத்த ‘ஜாய்டிஸ் ரெசல்யூஷன்’ கப்பலுக்கான நிதியை அமெரிக்கா நிறுத்திவிட்டது. 2024-உடன் அதன் ஆய்வுப் பயணங்கள் முடிந்தன. அதற்கு மாற்றாகப் புதிய கப்பல் அங்கே தயாராக இல்லை. ஜப்பான் மட்டும் விடவில்லை. 2024 செப்டம்பரில் ‘சிக்யூ’ மறுபடியும் ஜப்பான் அகழிக்குப் போனது. 13 ஆண்டுகளில் அந்தப் பிளவு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்ப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

இந்தியா செய்ய வேண்டியது

இந்தியாவுக்கு இது புதிய துறை இல்லை. மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பகுதியில் 1967 டிசம்பரில் 6.3 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டுச் சுமார் 180 பேர் இறந்தார்கள். அணையில் நீர் தேக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு குறிப்பிட்ட சின்னப் பகுதிக்குள்ளேயே நடுக்கங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நிலநடுக்கத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க உலகத்தில் இதைவிட வசதியான இடம் குறைவு. மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் கராடில் இதற்காகவே ஓர் ஆய்வகம் அமைத்து, 2017-இல் 3 கிலோமீட்டர் ஆழத்துக்குச் சோதனைத் துளையும் போட்டது. ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2015-இல் சர்வதேசத் திட்டத்தின்கீழ் அரபிக்கடலில் நடந்த துளையிடலில் இந்திய விஞ்ஞானிகள் முன்னணியில் இருந்தார்கள்.

அடித்தளம் இருக்கிறது, தொடர்ச்சிதான் வேண்டும். கொய்னாவில் இன்னும் ஆழமாகப் போகும் திட்டம் வேகம் பெற வேண்டும். அந்தமான், மக்ரான் பகுதிகளின் பிளவுப் பாறைகளை, மெதுவான வேகத்தில் மட்டுமல்லாமல் நிலநடுக்க வேகத்திலும் சோதிக்கும் ஆய்வகங்கள் வேண்டும். கடலோரப் பெருந்திட்டங்களுக்கான ஆபத்துக் கணக்கில், ‘இதுவரை நடந்தது’ என்ற பத்திக்குப் பக்கத்தில் ‘பாறை அனுமதிக்கக்கூடியது’ என்று இன்னொரு பத்தியும் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு பொதுமக்கள் பார்வைக்கும் வர வேண்டும்.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு 1896 சொல்லும் நடைமுறைப் பாடமும் ஒன்று உண்டு. அதிர்வு லேசாக இருந்தது என்பதற்காக அலையும் லேசாக இருக்கும் என்று அர்த்தமில்லை. லேசாக ஆனால் நீண்ட நேரம் ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, எச்சரிக்கை மெசேஜுக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போய்விடுவதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்த முறை எங்காவது நிலநடுக்கச் செய்தி வரும்போது, ‘எத்தனை ரிக்டர்?’ என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கூடவே இன்னொன்றையும் கேட்டுப் பழகலாம்: ‘அந்தப் பிளவில் என்ன பாறை, அதை யாராவது தொட்டுப் பார்த்திருக்கிறார்களா?’ 2011-க்கு முன்பு ஜப்பான் அகழியைப் பற்றி அப்படிக் கேட்டிருந்தால், ‘இல்லை’ என்பதே பதிலாக இருந்திருக்கும். மக்ரானைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.